ஐந்து காலிக் கவர்

ஷாம்பூ பாக்கெட்டின் பூர்வீகம் பேதி உப்பு.

கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் கதை அங்கேதான் தொடங்குகிறது. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் மருந்துச் சரக்கைப் பாக்கெட் போட்டு விற்கும் சிறுதொழில் ஒன்றை நடத்திவந்தார். பேதி உப்பு அப்போது 100 கிராம் பாக்கெட்டாக வரும். ஒரு வேளை வயிறு கழுவ அவ்வளவு எதற்கு? மிச்சம் அலமாரி மூலையில் கிடந்து மறந்துபோகும். இவர் அதை 5 கிராம் பாக்கெட்டாகப் போட்டார். முகப் பவுடர் தகர டப்பாவில் மட்டும் கிடைத்த காலத்தில் 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று இறக்கிக்கொண்டே வந்தார். தான் செய்யும் எந்தச் சரக்கும் கூலி வேலைக்காரர் கைக்கும் ரிக்‌ஷா இழுப்பவர் கைக்கும் எட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். மகன் சி. கே. ரங்கநாதன் பல பேட்டிகளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பொட்டலம் நமக்குப் புதிதா என்ன? மளிகைக்கடைக்காரர் பழைய செய்தித்தாளைக் கூம்பாக மடித்து, கால் ரூபாய்க்குக் கடுகும் பத்துக் காசுக்குப் பெருங்காயமும் கொடுத்த ஊர் இது. தினக்கூலி வாங்குகிறவர் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும் என்பது கடைக்காரருக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரியவேண்டிய விஷயமில்லை. ஆனால் கம்பெனிச் சரக்கு அந்தக் கூம்புக்குள் இறங்கி வரவே இல்லை. பவுடர் என்றால் டப்பா, ஷாம்பூ என்றால் பாட்டில், அதை வாங்க ஃபேன்சி ஸ்டோர். மளிகைக்கடையின் அளவையும் கம்பெனியின் பெயரையும் ஒரே கவருக்குள் போட்டதுதான் சின்னிகிருஷ்ணன் செய்தது.

தூளையும் உப்பையும் அடக்கியாயிற்று. அடுத்து அவர் கை வைத்தது திரவத்தில்.

திரவம் சொன்ன பேச்சுக் கேட்காது. உப்புப் பாக்கெட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் நான்கு கல் உதிரும், அவ்வளவுதான். ஷாம்பூப் பாக்கெட்டில் அதே ஓட்டை இருந்தால் அட்டைப்பெட்டி முழுக்கப் பிசுபிசுக்கும், பெட்டியோடு சரக்கு திரும்பி வரும். பாக்கெட்டின் ஓரம் பசை போட்டு ஒட்டப்படுவதில்லை. பிளாஸ்டிக் பிலிமின் உள்பக்கத்தை இரண்டு சூடான தாடைகளுக்கு நடுவே அழுத்தி உருக்கிச் சேர்க்கிறார்கள். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் பிலிம் சுருண்டு கருகும். ஒட்டும் இடத்தில் ஒரு துளி ஷாம்பூ தெறித்திருந்தாலும் போச்சு. பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், லாரியில் நான்கு குலுக்கு குலுக்கினால் பிளந்துகொள்ளும். வாசனை இன்னொரு தொல்லை. வெறும் பாலித்தீன் தண்ணீரை நிறுத்தும், வாசனையை நிறுத்தாது. மாதக்கணக்கில் கடையில் தொங்கினால் மணம் மெல்லக் கசிந்து போய்விடும். அதனால் பிலிமையே அடுக்கடுக்காகச் செய்ய வேண்டியதாயிற்று. வெளியே அச்சு ஏறுவதற்கும் கிழியாமல் நிற்பதற்கும் பாலியெஸ்டர், நடுவே மணத்தையும் வெளிச்சத்தையும் தடுக்க அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டுவதற்குப் பாலித்தீன். நாம் பல்லால் கடித்துக் கிழிக்கும் அந்தக் கவரில் இவ்வளவு சங்கதி இருக்கிறது. இந்த மூன்றடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதனிடம்தான் திரும்பி வரவேண்டியிருக்கும்.

திரவத்தையும் சின்னப் பாக்கெட்டில் அடைக்கலாம், இனி வரும் காலத்துச் சரக்கு இதுதான் என்று சின்னிகிருஷ்ணன் உறுதியாக நம்பினார். ஆனால் விற்கத் தெரியவில்லை. ஒன்றைச் செய்து முடித்த கையோடு அடுத்த யோசனைக்குத் தாவிவிடுவார் என்கிறார் மகன். இப்படிப்பட்டவர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். பட்டறையில் எதையாவது குடைந்துகொண்டே இருப்பார், செய்த பொருள் மூலையில் தூசி படிந்து கிடக்கும், வீட்டில் அதைப் பற்றி நல்ல பேச்சு இருக்காது. சின்னிகிருஷ்ணன் வீட்டில் நிலைமை எப்படியோ, பிள்ளைகள் அந்தப் பாக்கெட்டைத் தூசியில் விடவில்லை. எழுபதுகளின் கடைசியில் அவர் காலமானபின், மூத்த பிள்ளைகள் அதில் ஷாம்பூவை அடைத்து ‘வெல்வெட்’ என்று பெயரிட்டு இறக்கினார்கள்.

அன்றைய தமிழ்நாட்டுத் தலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். சீயக்காயை வெயிலில் காயவைத்து, வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்த்து மில்லில் அரைத்து, சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பார்கள். கொங்குப் பக்கம் அரப்பு. கண்ணில் விழுந்தால் எரியும், முடியில் ஒட்டிய தூள் மூன்று நாள் உதிரும். ஷாம்பூ என்பது சினிமாவிலும் பட்டணத்து உறவினர் வீட்டுக் குளியலறையிலும் பார்ப்பது. (ஷாம்பூ என்ற சொல்லே ‘அமுக்கிவிடு’ என்னும் பொருள்கொண்ட இந்திச் சொல் ஒன்றிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், பாட்டிலில் ஏறித் திரும்பி வந்தது. பொருளும் அதைப்போலவே ஒரு சுற்றுச் சுற்றித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.) ஒரு பாட்டில் வாங்கும் காசில் ஒரு குடும்பம் பல நாள் சமைத்துச் சாப்பிடலாம். பாட்டில் வாங்க முடியாதவருக்கும் ஒரு நாள் தலைக்கு ஷாம்பூ போட்டுப் பார்க்கும் ஆசை இருக்கும் என்பதை வெல்வெட் பிடித்துக்கொண்டது. சரக்கு நன்றாக ஓடியது. பிறகு காட்ரெஜ் போன்ற பெரிய நிறுவனமே அதைச் சந்தைப்படுத்தும் அளவுக்கு வந்தது.

இத்தோடு நின்றிருந்தால் பாக்கெட்டின் கதை ஒரு குடும்பத்தின் வெற்றிக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு அண்ணன்மாரோடு ஒத்துப்போகவில்லை.

ஆறு பிள்ளைகளில் படிப்பு ஏறாதவர் ரங்கநாதன். மற்றவர்கள் ஆங்கிலவழியில் படித்தபோது இவர் தமிழ்வழியில் படித்தார். உடன்பிறந்தவர்களில் மருத்துவர்களும் வழக்கறிஞரும் உண்டு. இவருக்குப் புறா, மீன், பறவை. 500 புறாக்களுக்கு மேல் வளர்த்ததாகச் சொல்கிறார். அவற்றை விற்றுத்தான் கைச்செலவுக் காசு. இவன் விவசாயம் செய்யட்டும், இல்லாவிட்டால் தொழில் செய்யட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். குடும்பத் தொழிலில் உற்பத்திப் பக்கம் இருந்தவர், அண்ணன்மாரோடு கருத்து மோதி, சொத்திலும் தொழிலிலும் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கையில் இருந்தது 15,000 ரூபாய்.

தெரிந்த தொழில் இரண்டுதான்: பறவை வளர்ப்பது, ஷாம்பூ காய்ச்சுவது. ஷாம்பூவில் இறங்கினால் அண்ணன்மாரோடு நேருக்கு நேர் மோதவேண்டும். தயங்கித் தயங்கி, கடைசியில் அதிலேயே இறங்கினார். 250 ரூபாய் வாடகையில் வீடும் அலுவலகமுமாக ஓரிடம், 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடமாக இன்னோரிடம், சுமார் 3,000 ரூபாய்க்குப் பாக்கெட் போடும் இயந்திரம், ஆள் நான்கு பேர். 1983. அப்பாவின் பெயரிலிருந்து எழுத்தெடுத்து வைத்த பெயர் ‘சிக்’.

இவ்வளவு சின்னக் கூடத்தில் ஷாம்பூ செய்யமுடியுமா என்று தோன்றலாம். முடியும். ஷாம்பூவில் பெரும்பங்கு தண்ணீர். நுரைக்கும் ரசாயனத்தைக் கட்டி தட்டாமல், நுரை பொங்காமல் நிதானமாகத் தண்ணீரில் கலக்கவேண்டும். நிறம், மணம், கெடாமல் இருக்க ஏதாவது ஒன்று. கெட்டியாக்குவதற்குச் சாதாரணச் சமையல் உப்பு போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உப்பைச் சேர்க்கச் சேர்க்கத் தேன்போல இறுகிக்கொண்டே வரும், ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று இளகித் தண்ணீராகிவிடும். சாம்பாருக்கு உப்புப் போடுகிறவருக்குள்ள கைப்பக்குவம் இதற்கும் வேண்டும். பீப்பாயும் கலக்கும் துடுப்பும் எடைபோடும் தராசும் இருந்தால் சரக்கு தயார். சிறுதொழில்களுக்கு அன்று கலால் வரியில் சலுகையும் இருந்தது. ஆக, ஷாம்பூத் தொழிலில் நுழைவது சிரமமில்லை. இதனால்தான் நுழைந்தவர்களும் ஏராளம். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ஒரு ஷாம்பூப் பாக்கெட் முளைத்து உதிர்ந்தது.

முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றது, இரண்டாம் மாதம் முதல் லாபம் என்கிறார் ரங்கநாதன். ஆனால் பெரிதாக்கப் பணம் வேண்டுமே. மூன்று வருடம் வங்கிகளின் படியேறி இறங்கியிருக்கிறார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஈடாக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. கொடுத்த மேலாளர் கோப்பில் எழுதிய குறிப்பு இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இவரிடம் ஈடு காட்ட எதுவும் இல்லை, ஆனால் மற்றச் சிறு தொழிற்கூடங்களைப் போல இல்லாமல் இவர் வருமான வரி கட்டியிருக்கிறார் என்ற பொருளில் எழுதினாராம்.

புதுமை செய்கிறவரை ஊக்குவிப்பது எப்படி என்று இப்போது கருத்தரங்கம் நடத்துகிறார்கள்; மேடையில் பூங்கொத்தும் கேடயமும் கொடுக்கிறார்கள். அந்த மேலாளர் ஷாம்பூவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பாக்கெட்டின் எதிர்காலத்தை அவர் கணித்திருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு சின்னக் கம்பெனியின் காகிதத்தைப் பொறுமையாகப் புரட்டி, அதில் மற்றவர்கள் கவனிக்காத வரி ரசீதைப் பார்த்தார். 25,000 ரூபாய் பின்னர் 4 லட்சமாகி, 15 லட்சமாகி வளர்ந்த கடன் கணக்கு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது.

பணம் வந்தது, சரி. கடையில் தொங்குவதற்கு இடம்? பெட்டிக்கடையின் முகப்பில் எத்தனை சரம்தான் தொங்கமுடியும்? வெல்வெட் அங்கே ஏற்கெனவே தொங்குகிறது, பின்னால் பெரிய நிறுவனத்தின் பலம். சிக் என்ற பெயரைக் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். விளம்பரம் செய்யக் காசில்லை. இந்த முட்டுச்சந்தில்தான் அந்தத் திட்டம் பிறந்தது: எந்தக் கம்பெனி ஷாம்பூவின் காலிக் கவராக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் என்பதில்தான் சூட்சுமம். போட்டிக் கம்பெனி விற்ற ஒவ்வொரு பாக்கெட்டும் அதன் உறை மட்டில் இவருடைய கூப்பனாகிவிட்டது. கிணற்றடியிலும் வாய்க்கால் படியிலும் வீசிய கவருக்கெல்லாம் திடீரென்று மதிப்பு வந்தது. அதுவரை சிக் போட்டுக் குளித்திராத தலைகள், வேறு ஷாம்பூவுக்குச் செலவழித்த காசிலேயே ஒரு முறை சிக் போட்டுக் குளித்தன. இன்னொன்றும் தோன்றுகிறது. எந்த ஊரில் எந்தக் கம்பெனிப் பாக்கெட் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு, பைசாச் செலவில்லாமல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருக்கும். ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்துக் கேட்டால் அதற்கு எவ்வளவு ஆகியிருக்கும்!

கொஞ்ச காலம் கழித்துத் திட்டத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள். ஐந்து சிக் காலிக் கவர் கொண்டுவந்தால் மட்டுமே இலவசம். அதற்குள் மக்கள் ருசி கண்டிருந்தார்கள். கடையில் பெயர் சொல்லிக் கேட்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது என்பது அவர் சொல்லும் கணக்கு.

இதே வேலையைப் பெரிய கம்பெனியில் ஒருவர் செய்திருக்க முடியுமா? போட்டிக் கம்பெனியின் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருகிறவருக்கு நம் சரக்கைச் சும்மா கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் என்ன ஆகியிருக்கும்! பாட்டில் விற்கிறவருக்குப் பாக்கெட் மேல் இயல்பாகவே ஓர் அச்சம் இருக்கும். இது ஓடினால் அது படுத்துவிடும் என்ற அச்சம். சிக்குக்குப் படுத்துப்போகப் பாட்டில் எதுவும் இல்லை. தோற்றிருந்தால் போவது சில ஆயிரம் பாக்கெட். நாளைக் காலையிலேயே திட்டத்தை நிறுத்திவிடலாம், யாரிடமும் கையெழுத்து வாங்கவேண்டாம். அந்த வயதில் அந்தக் கம்பெனியின் பெரிய சொத்து இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்துப் பாக்கெட் கிராமத்துக்குப் போனது. அங்கே ஷாம்பூவை எப்படிப் போடுவது என்றே தெரியாதவர்கள் இருந்தார்கள். ஒரு பையனை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் தலையில் ஷாம்பூ போட்டு அலசி, துவட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று காட்டினார்கள். ரஜினிகாந்த் படங்களை ஊரில் திரையிட்டு, இடையில் விளம்பரமும் செய்முறை விளக்கமும் போட்டு, படம் முடிந்து கலைகிறவர்கள் கையில் இலவசப் பாக்கெட்டைத் திணித்தார்கள். இப்படிக் காட்டிய இடங்களில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறும் என்கிறார். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இந்த வேலை நடந்தது.

பிறகு மல்லிகை மணமும் ரோஜா மணமும் வந்தன. இதில் வியக்க ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றும். கூந்தலில் மல்லிகைச் சரம் வைக்காமல் வாசல் தாண்டாத பெண்கள் வாழும் ஊரில், தலைக்குப் போடும் பொருளுக்கு எந்த மணம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டுமா? ஆனாலும் யாராவது முதலில் செய்யவேண்டியிருக்கிறது. விற்பனை மாதம் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் வந்தபின் மாதம் 1 கோடி.  1992-இல் தென்னிந்தியாவில் முதலிடம். அண்ணன்மாரின் பாக்கெட்டைத் தம்பியின் பாக்கெட் தாண்ட ஒன்பது வருடம் ஆயிற்று. கம்பெனியின் பெயர் இடையில் பியூட்டி காஸ்மெட்டிக்ஸ் என்று மாறி, 1998-இல் கவின்கேர் ஆனது. ‘கவின்’ நம்முடைய அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் அப்பாவின் முதலெழுத்துகள் இரண்டும் பெரிய எழுத்தில் நிற்கும். அந்த அப்பாவின் பெயரிலேயே, சிறுதொழிலில் புதியதொன்றைச் செய்கிறவர்களுக்கு மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷனோடு சேர்ந்து விருதும் கொடுத்துவருகிறார்கள். கேடயம் கொடுப்பதைப் பற்றி மேலே கொஞ்சம் கிண்டலாகச் சொல்லிவிட்டேன். விற்கத் தெரியாத ஒருவரின் பெயரில் கொடுக்கும் கேடயத்துக்கு விலக்கு அளித்துவிடலாம்.

1999-இல் பாக்கெட் இன்னும் சுருங்கியது. விலை 50 காசு.

நாம் பொதுவாகச் சரக்கைச் செய்து முடித்து, செலவைக் கூட்டி, மேலே லாபம் வைத்து விலை போடுகிறோம். இங்கே கணக்கு தலைகீழ். கடைக்கு வருகிறவர் கையில் இருப்பது ஐம்பது காசு நாணயம் ஒன்று. அந்த நாணயம்தான் விலை. அதில் பேச்சுக்கு இடமில்லை. கடைக்காரர் லாபம், மொத்த வியாபாரி லாபம், வண்டிக்கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதில் என்ன செய்யமுடியுமோ அதைச் செய். உள்ளே ஊற்றுவதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் ஒரு தலைக்குப் பற்றவேண்டும். கவரின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர், ஓரத்து ஒட்டில் அரை மில்லிமீட்டர், பிலிமின் கனத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை என்று ஒவ்வோர் இடத்திலும் கிள்ளிக் கிள்ளி எடுக்கவேண்டும். லட்சக்கணக்கில் ஓடும் ரோலில் அந்த மில்லிமீட்டர்தான் லாபம். கூடக் கிள்ளினால் ஒட்டு விடும், சரக்கு திரும்பும். புதுமை என்றதும் மண்டைக்குள் பல்பு எரிவதுபோலப் படம் போடுகிறார்கள். இது தையற்காரர் துணி மிச்சம் பிடிக்கிற வேலை.

பெரிய கம்பெனிகள் அதற்கு முன்பே பாக்கெட்டுக்கு வந்துவிட்டிருந்தன. இந்துஸ்தான் லீவரின் சரம் சிக்கின் சரத்தோடு ஒரே கம்பியில் தொங்கியது. 50 காசுக்குப் பிறகு சின்ன நாணயத்துக்கான போட்டி இன்னும் இறுகியது. ஒரு கட்டத்தில் ஒரு ரூபாயில் வந்து எல்லாம் நிலைகொண்டன. அந்த விலை லேசில் அசையாது. மூலப்பொருள் விலை ஏறினால் அசைவது உள்ளே இருக்கும் மில்லி. 50 காசு நாணயம் சட்டப்படி இன்றும் செல்லும். கடையில் கொடுத்துப் பாருங்கள்!

சின்னதாக வாங்கினால் விலை கூடுதல், மொத்தமாக வாங்கினால் லாபம் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. இந்தியாவில் பல ஷாம்பூக்களில் இது பொய். மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவாக இருக்கும். சரத்தில் நடக்கும் போட்டி பாட்டிலில் நடப்பதில்லை. அதனால்தான் பாட்டில் வாங்க வசதியுள்ள வீட்டுக் குளியலறையிலும் ஜன்னல் கம்பியில் சரம் தொங்குகிறது. நாட்டில் விற்கும் ஷாம்பூவில் பெரும்பகுதி இன்று இந்தச் சின்னக் கவரில்தான் போகிறது.

கடலூரிலிருந்து கிளம்பிய வழி பிறகு எல்லோருக்கும் ராஜபாட்டையாகிவிட்டது. ஊறுகாய், காபித்தூள், சலவைத்தூள், தேங்காயெண்ணெய், முகக்களிம்பு, கொசுவை விரட்டும் களிம்பு என்று எல்லாம் கவருக்குள் புகுந்தன. கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி. கே. பிரகலாத், 2004-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஏழைகளும் சந்தையில் மதிக்கப்படவேண்டிய வாடிக்கையாளர்களே என்று வாதாடியபோது இந்தச் சின்னப் பாக்கெட்டையும் சாட்சிக்கு அழைத்தார். பிலிப்பைன்ஸில் சில்லறையாக வாங்குவதற்கு ‘திங்கி’ என்று தனிச் சொல்லே உண்டு. அங்கும் தெருமுனைக் கடைகளில் இதே சரம் தொங்குகிறது. ரிக்‌ஷாக்காரர் கைக்கு எட்டவேண்டும் என்று சின்னிகிருஷ்ணன் சொன்னது எட்டிவிட்டது. கை ரிக்‌ஷாதான் இப்போது நம் ஊரில் இல்லை.

அந்த மூன்றடுக்குக்கு வருவோம்.

மணம் போகாமல், ஈரம் கசியாமல், வெளிச்சம் புகாமல் காத்த அதே அடுக்குகள், வேலை முடிந்தபின் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய மறுக்கின்றன. பாலியெஸ்டரைத் தனியாக உருக்கலாம், பாலித்தீனைத் தனியாக உருக்கலாம். இரண்டும் நடுவில் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வைத்து உருப்படியாக எதுவும் செய்வது கஷ்டம். மாடு தின்னாது, மண் தின்னாது, கரையானும் தின்னாது. ஒரு தலைமுழுக்கு நேரம் வேலைசெய்துவிட்டு நம் காலம் தாண்டியும் கிடக்கும். மறுசுழற்சி செய்யமுடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே வருடத்தில் கைவிடவேண்டும் என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி சொன்னது. 2018-இல் அந்த விதியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி ஆகாவிட்டாலும் எரித்துச் சூடு எடுக்கமுடிந்தால், அல்லது வேறு எதற்காவது பயன்பட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாசகம் மாறியது. எரித்தால் எதிலும்தான் சூடு வரும். கவர் பிழைத்துக்கொண்டது.

சின்னக் கவரைச் செய்யப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை, கடலூரில் ஒரு சிறிய கூடமும் விடாப்பிடியும் போதுமாயிருந்தன. அதைச் செய்யாமல் இருப்பதற்குத்தான் இப்போது பெரிய ஆய்வுக்கூடங்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் கவர் செய்யப் பார்க்கிறார்கள், மணம் நிற்கவேண்டும். காகிதத்தில் செய்யப் பார்க்கிறார்கள், ஈரம் தாங்கவேண்டும். கடையில் பீப்பாய் வைத்து, கொண்டுவரும் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாம் என்கிறார்கள். செக்கு எண்ணெய்க்குப் பாட்டில் எடுத்துக்கொண்டு நடந்த நமக்கு அது தெரியாத வித்தையா? ஆனால் எல்லா யோசனையும் வந்து மோதுகிற சுவர் ஒன்றுதான்: விலை ஒரு ரூபாயைத் தாண்டக்கூடாது.

ஊராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில் தூய்மைக் காவலர் பெண்கள் உட்கார்ந்து குவியலைக் கிளறுகிறார்கள். பாட்டில் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம். இவற்றுக்கு எடைக்கடையில் விலை உண்டு. ஷாம்பூக் கவரை எடைக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கவர் ஒரு கிராம்கூடத் தேறாது, ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் தடவைக்கு மேல் குனியவேண்டும், சேர்த்தாலும் காசு இல்லை. சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகும் மூட்டை மூலையில் இருக்கிறது. கைக்கு வந்த ஐந்தாறு கவரை உதறி, உள்ளே மிச்சமிருந்த நுரையை விரலிடுக்கிலிருந்து புடவையில் துடைத்துக்கொண்டு, அதற்குள் போடுகிறார்கள்.